நீவெஸ் பாடாமல் விட்ட உச்ச ஸ்வரம்

“விசில் அடிப்பேன்டி. தங்கச்சின்னு பாக்க மாட்டேன்.”

“அடிச்சுக்கோ அண்ணே. அதுக்கு முன்னாடி விரலக் கழுவிக்கோ. சீஸ் வாடை மேடை வரைக்கும் வருது.”

கடையில் நின்றிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். லோரிஸ் சிரிக்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த சீஸில் கத்தியை அப்படியே குத்தி நிறுத்திவிட்டுத் தங்கை நீவெசை முறைத்தான். இத்தாலியின் பார்மா ஊரில் பாதிப் பேருக்கு சீஸ் விற்பவன் அவன். மீதி நேரமெல்லாம் ஓபரா என்னும் இசை நாடக அரங்கின் மேல்மாடி கேலரியில்தான். அங்கே உட்காருகிறவர்களுக்குப் பாட்டு பிடித்தால் கைத்தட்டலில் கூரை இடியும். பிடிக்காவிட்டால் கேலி விசில்தான். எவ்வளவு பெரிய பாடகியானாலும் விடமாட்டார்கள்.

சண்டை ஒரே ஒரு ஸ்வரத்துக்காக. நீவெஸ் பாடவிருந்த நாடகத்தின் கடைசி அங்கத்தில், சாகப்போகும் நாயகி விடைபெற்றுப் பாடுகிறாள். எழுதியவர் அந்தப் பாட்டை மெதுவாகத்தான் முடித்திருந்தார். எப்போதோ ஒரு பாடகி முடிவில் உச்சத்துக்குப் போய்க் கைத்தட்டல் வாங்கினாள். அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் அப்படியே முடித்தார்கள். நீவெசும்தான். வியன்னா, புவனோஸ் ஐரிஸ் என்று போன ஊரிலெல்லாம் அந்த ஒரு ஸ்வரம்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இப்போது ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊரில் இதுதான் கடைசி நாயகி வேஷம். இனிமேல் தாய் வேஷம், சூனியக்காரி வேஷம். இந்தத் தடவை எழுதியபடியே பாடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

“குரல் போயிடுச்சு அவளுக்குன்னு ஊரே பேசும். சாகற வரைக்கும் பேசும்.”

“போயிடுச்சா?” என்றவள், விற்பதற்காகத் தொங்கிக்கொண்டிருந்த பன்றித் தொடைகளுக்குக் கீழே நின்றபடியே அந்த ஸ்வரத்தைப் பாடினாள். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

லோரிசின் கண் கலங்கிவிட்டது. அதனாலேயே கோபம் கூடியது. “இத வெச்சுக்கிட்டு அங்க பாடறதுக்கு என்னடி கேடு? வருஷம் பூரா அந்த ஒண்ணுக்காகத்தான் காத்துக் கெடக்கறோம். வந்தவனுக்குக் குடுக்க வேண்டியதக் குடு.”

“இருபது வருஷமா கத்திக்கிட்டே செத்தேன் அண்ணே. ஒரே ஒரு தடவ மெதுவா செத்துக்கறேன், விடு.”

அன்று மாலை மேடையேறினாள். தொண்டை அவள் சொன்னதைக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அதை நம்பக் கற்றிருந்தாள். பாட்டு வந்தது. முடிவில் மேலே போகாமல், கதவை ஓசைப்படாமல் சாத்துகிறவள் மாதிரி குரலை இறக்கி நிறுத்தினாள். பிறகு மேலேயிருந்து நீளமாக ஒரு விசில். யாருடையது என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் அண்ணன் மேய்ச்சலிலிருந்து மாடுகளைக் கூப்பிட்ட விசில் அது.

“வாய மூடுய்யா சீஸ்காரா!”

“அவன் சொல்றதுல என்னய்யா தப்பு? ஸ்வரம் எங்க?”

“நீ எறங்கிப் போய்ப் பாடேன்!”

கைத்தட்டலும் விசிலும் மோதிக்கொண்டன. நடுவிலிருந்து “இன்னொரு தடவ!” என்ற கூச்சல் கிளம்பி, மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டது. இசைக்குழுவை நடத்துகிறவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சரியென்று தலையசைத்தாள். அவர் ஒரு விரலை லேசாக மேலே காட்டினார். இந்தத் தடவை உச்சமா? அதைப் பாடிவிட்டால் வம்பு தீர்ந்தது. ஊர் வாயும் மூடிவிடும். அண்ணன் சந்தோஷத்தில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவான். ஸ்வரம் தயாராகத்தான் இருந்தது.

நீவெஸ் உள்ளங்கையைக் கவிழ்த்து, கீழே காட்டினாள்.

வயலின்கள் மறுபடி தொடங்கின. எது கிடைக்காது என்று இந்தத் தடவை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசி வரிக்கு வந்தபோது அவள் கேலரியை நேராகப் பார்த்தாள். லோரிஸ் கைப்பிடிக் கம்பியின்மேல் பாதி உடம்பு வெளியே தெரியச் சாய்ந்து நின்றிருந்தான். இரண்டு விரல் உதட்டில், கன்னம் உப்பியிருந்தது. அவள் குரலை இழை மாதிரி மெலிய வைத்தாள். இன்னும் மெலிய வைத்தாள். மூச்சு மிச்சமிருந்தது. விடவில்லை. மேலே அவனும் அடக்கிய மூச்சை விடாமல் நின்றிருந்தான்.

நீங்கள் அந்தக் கம்பியோரம் அவன் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், விசிலா, கைத்தட்டலா? ஏன் என்பதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள்.