வெற்றுப் பட்டியல்

1982 நத்தாருக்கு மூன்று நாள் இருக்கும்போது, பொஸ்டனிலிருந்து வந்திருந்த யோகராணி டிக்கோயாவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பெற்றீசியாவின் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நீளமான ஒரு தாளை எடுத்து விரித்தாள். தாள் முழுக்க அடைப்புக்குறிகள். கொம்பியூட்டருக்குத் தான் எழுதிய கட்டளைகள் என்றாள்.

அட்டனில் உயர்தரம் படித்த இரண்டு வருடமும் கணக்கில் பெற்றீசியா முதலாவது, யோகராணி இரண்டாவது. பரீட்சை முடிவும் அப்படியே வந்தது. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பிரஜாவுரிமை பற்றிக் கேட்ட இடத்தில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளியின் மகளான பெற்றீசியாவுக்கு எழுத எதுவும் இருக்கவில்லை. தகப்பனின் பிரஜாவுரிமை மனு ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் பத்து வருடமாகக் கிடந்தது. அட்டனில் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் இராசரத்தினத்தின் மகள் யோகராணி பேராதனைக்குப் போனாள், அங்கிருந்து அமெரிக்காவுக்கு. பெற்றீசியா கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள்.

"எங்கட கம்பனி செய்யிற மெஷின், லிஸ்ப் எண்ட ஒரு கொம்பியூட்டர் பாஷைக்காகவே கட்டினது. மற்ற கொம்பியூட்டருகளுக்கு அந்தப் பாஷை பெரிய சுமை. இது அதிலயே பிறந்த பிள்ளை மாதிரி ஓடும்" என்றாள் யோகராணி.

ஒரு மெஷினின் விலைக்கு அங்கே வீடு வாங்கலாமாம். பெற்றீசியா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

போகும்போது தாளையும், அந்தப் பாஷையைப் படிக்க ஒரு புத்தகத்தையும் யோகராணி விட்டுப் போனாள். அன்பாகத்தான் கொடுத்தாள். அதுவே பெற்றீசியாவுக்கு எரிந்தது. ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு தொட்டவள் விடவில்லை. கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டிராதவள், யோகராணியின் தாளில் இருந்த கட்டளைகளைக் கொப்பியில் பென்சிலால் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்தாள். தை மாதக் கடைசியில் ஒரு பிழை அகப்பட்டது. பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போய், ஒன்று மட்டும் மிஞ்சும்போது நிற்கும்படி யோகராணி எழுதியிருந்தாள். பட்டியலில் முதலிலேயே ஒன்றும் இல்லாவிட்டால்? ஒன்றுமில்லாததில் எதை எடுத்தாலும் ஒன்றுமில்லாததே மிஞ்சும். மெஷின் நிற்காமல் ஓடும்.

அந்த இரவு அவளுக்குச் சாப்பாடு ருசித்தது. யோகராணிக்கு நன்றி சொல்லி, குளிரைப் பற்றியும் கோவில் திருவிழாவைப் பற்றியும் நீளமாக ஒரு கடிதம் போட்டாள். பிழையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அந்த வருட மார்கழியில்தான் பதில் வந்தது. மெஷினை வாங்க வந்தவர்களின் முன்னால் வெற்றுப் பட்டியல் ஒன்றில் யோகராணியின் கட்டளைகள் நிற்காமல் ஓடிச் சிக்கிக்கொண்டனவாம். பெற்றீசியா நின்றபடியே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எல்லோரும் சிரித்தார்களாம். அரை மணித்தியாலத்தில் அவளே திருத்திக் காட்டினாளாம். அடுத்த மாதம் அவளுக்குப் பதவி உயர்வு. பெற்றீசியாவின் தாய் மீனம்மா, யோகராணி சுகமாக இருக்கிறாளா என்று கேட்டாள்.

"அவளுக்கென்னம்மா. தப்பு பண்ணினாலும் ஒசத்தி வைக்கிறாங்க."

1987இல் வந்த கடிதம் ஒரே பக்கம். விலை குறைந்த சாதாரண கொம்பியூட்டர்களே இப்போது அந்தப் பாஷையை அதே வேகத்தில் ஓட்டுகின்றன. அதற்கென்றே கட்டிய மெஷின்களை வாங்க ஆளில்லை. கம்பனி பாதிப் பேரை நிறுத்திவிட்டது. அதில் யோகராணியும் ஒருத்தி. வாசிக்க வாசிக்கப் பெற்றீசியாவின் நெஞ்சுக்குள் இதமாக ஏதோ இறங்கியது. கடைசி வரிகளில் அது நின்றது.

"வேலையில்லாமல் வீட்டில் இருக்கும்போது ஒன்று யோசித்தேன். உன்னிடம் தந்த தாளிலும் அந்தப் பிழை இருந்தது. உன் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. அப்போது கண்டாயா, பெற்றீசியா?"

இரண்டு கிழமை பதில் எழுதவில்லை. மூன்றாம் கிழமை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் கொழுந்து பறிக்கப் போன பிறகு, தபால் கந்தோருக்கு நடந்துபோய் ஒரு விமானக் கடிதத் தாள் வாங்கினாள். காணவில்லை என்று எழுதத்தான் வந்திருந்தாள். ஆனால் அப்படி எழுதினால், இவளால் அதைக் காண முடியவில்லை என்று யோகராணி நினைத்துக்கொள்வாளே. அதைப் பெற்றீசியாவால் தாங்க முடியவில்லை.

கந்தோர்க்காரர் தபால் பையைக் கட்டக் கயிற்றை எடுத்தபடி, "கடிதம் இருக்குங்களா, டீச்சர்?" என்று கேட்டார்.

திறந்திருந்த கதவால் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நீலத் தாளின் உச்சியில் 'கண்டேன்' என்ற சொல் இன்னும் காயவில்லை. அதன் கீழே தாள் முழுவதும் வெறுமையாக இருந்தது. அவள் பேனாவை மூடாமல் பிடித்திருந்தாள்.