முதல் வாயோடு ஒரு கேப்சூல்

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அங்கே எல்லோரும் அவரைக் 'கரண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கே ஆக்கிப் போடுகிற மனுஷனுக்குத் தின்றது உடம்பில் ஒட்டவில்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வரும். நோயாளி ஆச்சே என்று பாதித் திட்டை விழுங்கிக்கொண்டு மீதியைத் திட்டுவேன்.

கணையம் கெட்டதால் வந்த வினை. டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார்கள்.

"நாம சாப்பிடறது அப்படியே ரத்தத்துல சேராதும்மா. பொடிப்பொடியா உடைஞ்சாதான் குடல் உறிஞ்சும். உடைக்கிற வேலை என்சைமோடது. சோத்துக்கு ஒண்ணு, கறிக்கு ஒண்ணு, எண்ணெய்க்கு ஒண்ணு. ஒண்ணு வேலையை இன்னொண்ணு செய்யாது. பெரும்பாலும் கணையம்தான் அதையெல்லாம் அனுப்பணும். இவருக்கு அனுப்பலை, அதான் கேப்சூல். முதல் வாயோட முழுங்கணும். கடைசியில போட்டா பந்தி முடிஞ்சப்புறம் வந்த சமையல்காரர் கதைதான்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் ஒன்றும் குறைச்சலில்லை, எடைதான் இறங்கிக்கொண்டே போனது. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்னும் இளைத்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்றார்கள். வெளியே வந்ததும் இவர் முகம் செத்துப்போயிருந்தது. "மூக்குல குழாயோட வர்ற சமையல்காரனை எவன் அடுப்புகிட்ட விடுவான்?" என்றார்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்காருவேன். கேப்சூலை வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார், நாக்கை நீட்டிக்கூடக் காட்டுவார். பிறகு நாலு வாய் கொறித்துவிட்டு, "போதும், நெறைஞ்சிடுச்சு" என்று எழுந்துவிடுவார். மறுநாள் கழிப்பறையில் பார்த்தால் செரிக்காத எண்ணெய் மிதக்கும். நாலு வாய்ச் சோற்றில் இத்தனை எண்ணெய் எங்கிருந்து வந்தது? நான் ஊற்றியது ஒரு ஸ்பூன்.

ஒரு வியாழக்கிழமை கேப்சூல் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். பாதிச் சட்டையை அப்படியே விட்டுவிட்டு, முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, டப்பாவோடு கேன்டீனுக்கு ஓடினேன். சமையற்கட்டின் பின்வாசல் திறந்திருந்தது.

ஐயா அடுப்படியில் நிற்கிறார். சூப்பில் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். அடுத்த பாத்திரத்தில் ஒரு துண்டு இறைச்சி, வெந்ததா என்று பார்க்க. வாணலியிலிருந்து எடுத்த மீனில் ஒரு ஓரம், உருளைக்கிழங்கில் ஒன்று, பிறகு மறுபடி சூப். நான் நின்ற நேரத்துக்குள் ஒரு ஆள் சாப்பாடு உள்ளே போய்விட்டது.

"இது என்னங்க?"

திரும்பினார். வாயில் இன்னும் மீன். "என்னது?"

"காலையிலேர்ந்து இப்படித்தான் தின்னுட்டு இருக்கீங்களா?"

"யாரு தின்னா? நான் இன்னும் சாப்பிடவே இல்லையே. இது ருசி பாக்கறதும்மா. வேலை."

தலையில் அடித்துக்கொண்டேன். "வேலைக்குப் போட்டது, பசிக்குப் போட்டதுன்னு வயித்துக்குத் தெரியுமா? கேப்சூல் இல்லாம நாள் பூராவும் கொழுப்பா உள்ள தள்ளிட்டு, வீட்ல நாலு வாய்க்கு மருந்து போட்டா எப்படிங்க ஒட்டும்? குழாயைத் தேடிப் போறீங்களா?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் மெதுவாக வெளியே போய்விட்டார். இவர் அடுப்பைத் தணித்தார். நான் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"இங்கதான் என்னால சாப்பிட முடியுது. வீட்ல உக்காந்தா நீ என் வாயையே பாத்துட்டிருக்கே. சோறு தொண்டையில நிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. யாருக்காகப் பார்த்தேன்? செருப்புத் தேய ஓடியதும் யாருக்காக? கேட்டிருப்பேன். துருத்திக்கொண்டிருந்த அவர் கழுத்தெலும்பைப் பார்த்ததும் கேட்க மனசு வரவில்லை.

"தட்டுல போட்டு உக்காந்து சாப்பிடுங்க. இதைப் பத்தி டாக்டரம்மா கிட்ட கேக்கற வரைக்கும், கேப்சூல் இல்லாம கரண்டி வாய்க்குப் போகக் கூடாது," என்றேன். டப்பாவை மேசையில் வைத்தேன். எதிரே உட்காரவில்லை. அந்த அம்மாள் விட்டுப்போன பாத்திரங்களை எடுத்து, அவருக்கு முதுகு காட்டித் தேய்க்க ஆரம்பித்தேன்.

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு மெல்லும் சத்தம், நிதானமாக, விடாமல். கொஞ்சம் கழித்து நாற்காலி நகர்ந்தது. அவ்வளவுதான், எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். பாத்திரத்திலிருந்து இன்னொரு கரண்டி தட்டில் விழுந்தது.

முழுங்கினாரா, எவ்வளவு போட்டுக்கொண்டார் என்று திரும்பிப் பார்க்காமல் கழுத்து நமநமவென்றது. பளபளவென்று இருந்த வாணலியையே மறுபடி தேய்த்துக்கொண்டு நின்றேன்.