மூன்றாம் படுக்கைக்கு ஆள்

“கத்தரி குடு. அது இல்ல, பெருசு.”

தலைமை நர்ஸ் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த கிழவரின் இடது கை நீலம் பாரித்திருந்தது. மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை. முடிச்சு இறுகித் தோலுக்குள் புதைந்துபோயிருந்தது. கத்தரியின் மழுங்கிய நுனியை உள்ளே விட்டாள். ஒரே வெட்டு. விரல்கள் மெல்லச் சிவக்கத் தொடங்கின.

“கட்டிலோட கட்டி வெச்சிருக்காங்க,” என்றான் ஆம்புலன்ஸ்காரன், மூச்சு வாங்கியபடி. “இறங்கப் பார்த்திருக்காரு. கை மாட்டிக்கிச்சு, ஆள் தொங்கிட்டாரு. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்க பூட்டை உடைச்சு உள்ள போயிருக்காங்க. பொண்ணு ஒண்ணு இருக்காம். வேலைக்குப் போயிருக்காம்.”

“நல்ல பொண்ணு,” என்றார் இளம் டாக்டர், தோளைத் தொட்டுப் பார்த்தபடி. “மூட்டு நழுவியிருக்கு. எக்ஸ்ரே பார்த்துட்டு உள்ள தள்ளிடலாம்.”

தலைமை நர்ஸ் வெட்டிய பட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய போர்வைத் துணி. உள்ளே பஞ்சு வைத்து, சின்னச் சின்னத் தையலாகத் தைத்திருந்தது.

“இது ஆத்திரத்துல கட்டினது இல்ல டாக்டர். உக்காந்து தைச்சிருக்காங்க. தினம் நடக்குது.”

அவசரப் பிரிவின் வாசலில் ஒரு பலகை பளபளத்தது: ‘இங்கே எந்த நோயாளியையும் கட்டிப்போடுவதில்லை.’ அவள் போராடி மாட்டிய பலகை. புத்தி தடுமாறி டியூபைப் பிடுங்கும் முதியவர்களின் கைகளைக் கட்டிலோடு கட்டுவதுதான் முன்பெல்லாம் வழக்கம். அதை நிறுத்தியவள் அவள். அதோடு விட்டாளா? வயதானவர் யார் வந்தாலும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகச் சில கேள்விகள் கேட்டாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தாள். ‘கீழே விழுந்துட்டாரு’ என்று வந்த எத்தனையோ காயங்களுக்குப் பின்னால் இருந்த கைகள் அந்தக் கேள்விகளில்தான் அகப்பட்டன. மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து பார்க்க வந்தார்கள். அவள் நிமிர்ந்து நின்று விளக்கினாள்.

“பசையைக் கூப்பிடுங்க,” என்றாள்.

நோயாளிகளுக்குத் துணையிருக்கும் உதவியாளர் பெண்ணுக்கு வார்டு வைத்த பெயர் அது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்வாள். அவள் கையைப் பிடித்திருக்கும் வரை எந்தக் கிழவரும் டியூபைத் தொட மாட்டார். ‘குடிங்கப்பா, தூங்குங்கப்பா’ என்று வயதான ஆண்கள் எல்லாரையும் அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

“உனக்கு மொத்தம் எத்தனை அப்பாங்கடி?” என்று கிண்டல் செய்வார்கள்.

“எண்ணி வெச்சுக்கல,” என்பாள்.

மூன்றாம் படுக்கைக் கிழவரின் பக்கத்திலிருந்து எழுந்து வந்த பசை, ஸ்ட்ரெச்சர் அருகே வந்ததும் நின்றாள். பிறகு குனிந்து போர்வையைச் சரிசெய்தாள்.

“காலை நீட்டுங்க பெரியவரே.”

கிழவர் அவளையே பார்த்தார். நீட்டினார்.

தலைமை நர்ஸ் மற்றவர்களை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். கிழவரைத் தாங்கிப் பிடிக்கப் பசை மட்டும் உள்ளே இருந்தாள்.

“பயப்படாம சொல்லுங்கய்யா. வீட்டுல யாராவது அடிக்கிறாங்களா?”

“என்னையா?” கிழவருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. “கிரேன் ஓட்டினவன்மா நான். லாரியையே பொட்டலம் மாதிரி தூக்கி வெப்பேன். என்னை அடிக்க இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்.”

“சாப்பாடு?”

“காலையில சூடு ஆத்தி ஊட்டிட்டுத்தான் கிளம்புச்சு.”

“பொண்ணா?”

“ஆமா. பெரிய எடத்துல வேலை. அது ஒரு நாள் போகலேன்னா அங்க ஒண்ணும் ஓடாது.” அவர் முகவாய் உயர்ந்தது.

தலைமை நர்ஸ் கிழவரின் உடம்பைப் பார்த்தாள். முகம் மழித்திருந்தது. நகங்கள் வெட்டியிருந்தன. முதுகில் ஒரு புண் இல்லை. கட்டிப்போடுகிற வீட்டிலிருந்து வரும் உடம்பு இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

“கையைக் கட்டினதும் பொண்ணுதானே?”

கிழவரின் சிரிப்பு நின்றது. “சொன்னா அதை என்ன பண்ணுவீங்க?”

“போலீசுக்குச் சொல்லணும்யா. எங்க விதி அப்படி. அப்புறம் அந்த வேலையும் இருக்காது.”

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எனக்குப் பொண்ணே கிடையாது,” என்றார்.

“இப்பதானே சொன்னீங்க?”

“வயசாச்சு. உளறினேன். நானே கட்டிக்கிட்டேன். அப்படியே எழுதிக்கோ.”

பசை ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

எக்ஸ்ரே வந்ததும் டாக்டர் தோளை இழுத்து உள்ளே தள்ளும்போது கிழவர் திமிறினார். பசை அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். உடனே அடங்கினார்.

“இவ இருக்கிற வரைக்கும் உங்க பலகைக்கு ஆபத்தில்ல சிஸ்டர்,” என்றார் டாக்டர்.

“பின்ன? நான் பார்த்துப் பழக்கின ஆளு.”

சொல்லிவிட்டுத் தலைமை நர்ஸ் பசையின் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள். டாக்டர் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

“எல்லாரையும் அப்பாம்பே. இவர் மட்டும் என்ன பெரியவர்?”

பசை நிமிரவில்லை. “அந்த வார்த்தை வாயில வந்தா அழுதிருவேன் சிஸ்டர்.”

வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “பசை, மூணாம் பெட்டு டியூபை இழுக்குது.”

அவள் ஓடினாள். தலைமை நர்ஸ் பின்னாலேயே போனாள். பசை மூன்றாம் படுக்கைக் கிழவரின் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

“கிரேன் ஓட்ட நேரமாச்சுன்னு வீட்டை விட்டு ரோட்டுக்கு ஓடுறாரு,” என்றாள் தாழ்ந்த குரலில். “ரெண்டு தடவை லாரிக்கு முன்னாடி நின்னாரு. பூட்டினா ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறாரு. ஆள் வெச்சா என் சம்பளம் பூரா கேக்குறாங்க. வேற வழி தெரியல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

பசை முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

“சொன்னேனே சிஸ்டர். ராத்திரியில நல்லாத் தூங்குறாரு, என்னை நைட்டுக்கு மாத்துங்க, பகல்ல வீட்டுல அவர் பக்கத்துல இருக்கணும்னு. நீங்கதான் தட்டிக்கொடுத்து, ‘பகல்ல நீ இல்லேன்னா இவங்க கையைக் கட்டணும், பலகையைக் கழட்டணும்’னு சொன்னீங்க.” அவள் மெல்லச் சொன்னாள். “எனக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு.”

மூன்றாம் படுக்கைக் கிழவர் மறுபடி டியூபைத் தேடினார்.

“இங்கதான் இருக்கேன்ப்பா,” என்றாள் பசை, அவர் கையை விடாமல்.

திரைக்கு அப்பால், ஸ்ட்ரெச்சர் கம்பியின்மேல், பசை விட்டுவந்த கை, கட்டு ஏதுமில்லாமல், எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தது.