எங்கள் டிவியில் சம்பந்தம்

எங்கள் குடியிருப்பில் போன் திரையை டிவியில் போட்டால் அது சொந்த வீட்டு டிவியில் விழாது. வேறொரு வீட்டு டிவியில் விழும். எந்த வீட்டில் விழுகிறது என்று போட்டவருக்குத் தெரியாது. ஆனால் ஒருமுறை விழுந்த வீட்டில்தான் எப்போதும் விழும். போட வீட்டுக்கு ஒரு போன், பார்க்க வீட்டுக்கு ஒரு டிவி. வடவள்ளியில் இருக்கும் இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்த அன்று, சாவியைக் கொடுத்த செயலாளர் தண்ணீர் வரும் நேரத்தோடு இதையும் சேர்த்துச் சொன்னார்.

"சாயங்காலம் ஏழு மணியானா போனை டிவிக்குப் போட்டுருங்க. நீங்க போடலைன்னா யாரோ ஒருத்தர் வெறுந்திரையப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. பாவமுங்க."

அதனால் எல்லோரும் போட்டுவிடுவோம். இன்னொரு வழக்கமும் உண்டு. டிவியில் பார்த்ததை நேரில் பேசக் கூடாது. முன்பு தரைத்தளத்துக்காரர் ஒருவர் லிஃப்டில் நின்றுகொண்டு, "கொழுந்தனாருக்கு அத்தன கோவமா எழுதியிருக்க வேண்டாமுங்க" என்று ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா அன்றைக்கே பட்டன் போனுக்கு மாறிவிட்டார். தரைத்தளத்துக்காரர் வீட்டு டிவியில் மழைக்காலம் முழுக்கப் பாம்பு விளையாட்டு மட்டும்தான் ஓடியது.

எங்கள் வீட்டு டிவியில் மூன்றாம் மாடி சம்பந்தம் விழுந்தார்.

சம்பந்தம் கவுண்டம்பாளையத்தில் காது கேட்கும் கருவி விற்கும் கடை வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், தனி ஆள். எதையும் இரண்டு முறை யோசித்துத்தான் செய்வார். பெரும்பாலும் இரண்டாவது யோசனையில் விட்டுவிடுவார். அவர் போனில் கருவிகளின் படங்கள் இருந்தன, வாடிக்கையாளர்களுடைய காதுகளின் படங்கள் இருந்தன, வசுமதி இருந்தார்.

வசுமதி, பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கணவரைப் பிரிந்து அப்பாவோடு இருந்தார். அப்பாவுக்குக் கருவி வாங்கச் சம்பந்தத்தின் கடைக்கு வந்ததில் பழக்கம். தினமும் ஏழு மணிக்கு மேல் சம்பந்தம் அவருக்கு எழுதுவார்.

"பேட்டரி மாத்தியாச்சுங்களா?"

"மாத்தியாச்சுங்க. நீங்க சாப்டீங்களா?"

சம்பந்தம் எழுதுவார்: "நீங்க கேட்டதுக்கப்புறந்தான் பசியே தெரியுதுங்க." கொஞ்ச நேரம் அது அப்படியே நிற்கும். பிறகு பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக மறையும். கடைசியில் "சாப்டேங்க" என்று போகும்.

என் கணவர் தெய்வசிகாமணி தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

"அழிச்சுப்புட்டாரு பாரு அம்மிணி! இந்த மனுசன் அழிச்சதையெல்லாம் எடுத்து வெச்சிருந்தா இந்நேரம் ஒரு கல்யாணமே பண்ணியிருக்கலாம்."

அவர் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வந்து, குளித்து, டிபன் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தார் என்றால் சம்பந்தம் போனைக் கீழே வைக்கும் வரை எழுந்திருக்கமாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிறேன். விடைத்தாளைத் திருத்திக்கொண்டே நானும் பார்ப்பேன். மாடிப்படியில் சம்பந்தத்தைப் பார்த்தால், "சாப்டாச்சுங்களா?" என்று கேட்பேன். "ஆச்சுங்க டீச்சர்" என்பார். அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கருவி வேலை செய்யத் தொடங்கியது. நன்றாகவே வேலை செய்தது. வசுமதியின் அப்பா ஓசூரில் இருக்கும் பேரனின் குரலை முதன்முறையாகப் போனில் தெளிவாகக் கேட்டார். கேட்டதும் ஓசூருக்கே போய்விட வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்.

வசுமதி எழுதினார்: "அண்ணன் அங்கயே ஒரு ஸ்கூட்டர் ஸ்கூல் வெச்சுத் தர்றேங்கறார். அப்பாவைத் தனியா விடவும் மனசில்லை. போகட்டுங்களா? நீங்க என்ன சொல்றீங்க?"

சம்பந்தம் எழுதினார்: "போகாதீங்க."

அழித்தார். பிறகு எழுதி அனுப்பினார்: "ஓசூர் நல்ல ஊருங்க. குளுகுளுன்னு இருக்கும்."

நான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க, நாம அவருக்குச் சொல்லணும்" என்றேன்.

"நேர்ல எப்படிச் சொல்றது? தப்பாயிருமே."

"நேர்ல வேண்டாம். அவர் போன் நம்ம வீட்ல விழுது. நம்ம போன் யாரோ ஒருத்தர் வீட்ல விழுது. அவங்க போன் இன்னொரு வீட்ல. இப்படியே போனா கடைசியில யாரோ ஒருத்தர் போன் அவர் வீட்டு டிவியில விழுந்துதானே ஆகணும்?"

அவர் மேலே பார்த்து யோசித்தார். "ஆமா. சுத்தி வந்துரும்" என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து டிவிக்குப் போடும் போன் என் கணவருடையதுதான். அதில் பெரிய எழுத்தில் எழுதினோம்: "இதைப் பார்ப்பவர்கள் தங்கள் போனில் அப்படியே எழுதி வைக்கவும். சம்பந்தம் சாருக்கு: மனதில் இருப்பதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்." ஏழு மணிக்கு டிவியில் போட்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

சில நாட்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் எங்கள் டிவியில், சம்பந்தத்தின் போனில், அவர் கையாலேயே எழுதப்பட்டு அது வந்து சேர்ந்தது. சொன்னதைச் செய்பவர் என்பதால், தன் டிவியில் பார்த்ததை எழுதிவைத்திருந்தார்.

"இதைப் பார்ப்பவர்கள் தங்கள் மோட்டாரை அப்படியே ஆஃப் பண்ணி வைக்கவும். சம்பந்தம் சாருக்கு: நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ அவருக்கு அனுப்பிவிடுங்கள். குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிக்கவும்."

மோட்டார் செயலாளர் வீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி வரி, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டாம் மாடிக்காரர்களுடையது. நாட்டுச் சர்க்கரை யார் என்று தெரியவில்லை.

மறுநாள் வசுமதியிடமிருந்து வந்தது: "நாட்டுச் சர்க்கரை வந்துச்சுங்க. அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். எதுக்குங்க இதெல்லாம்?"

சம்பந்தம் எழுதினார்: "எனக்குக் குடிப்பழக்கம் இல்லீங்க."

இதை அவர் அழிக்கவில்லை. அப்படியே அனுப்பினார். அவர் அழிக்காமல் அனுப்பி நாங்கள் பார்த்த முதல் வாக்கியம் அதுதான்.

"அது எனக்குத் தெரியுமுங்க" என்று வந்தது. கூடவே சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

"வேலை செய்யுது!" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். தெய்வசிகாமணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீளமாக எழுதியதுதான் தவறு என்று தோன்றியது. இந்தமுறை வழியில் யாரும் எதையும் சேர்க்க இடமில்லாதபடி ஒரே சொல்லாக அனுப்ப வேண்டும். "சொல்லிடுங்க. அவ்வளவுதான். எழுதிப் போட்டுருங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

அது சுற்றிவிட்டு எங்கள் டிவிக்கு வந்தபோது இப்படி இருந்தது: "சொல்லிடாதீங்க."

அன்றிலிருந்து சம்பந்தம் வசுமதிக்கு எழுதவே இல்லை. பேட்டரியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "இருக்கீங்களா?" என்று வசுமதி கேட்டார். சம்பந்தம் "இருக்கேங்க" என்று எழுதி அதையும் அழித்தார். பிறகு காதுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கூடத்துச் சுவரில், ஆள் உயரத்துக்குக் காதுகள் போய்க்கொண்டே இருந்தன.

"எந்த வீட்டுப் பாவி இப்படி மாத்தினது?" என்றேன்.

தெய்வசிகாமணி சட்னியை இட்லியின் மேல் தடவிக்கொண்டே இருந்தார். இட்லி முழுக்கப் பச்சையாகிவிட்டது.

"ஒரு எழுத்தை மாத்தி ஒரு எழுத்தைச் சேர்த்தேன் அம்மிணி. வேற ஒண்ணும் பண்ணலை."

நான் அவரையே பார்த்தேன்.

"அவர் சொல்லிட்டாருன்னா அப்புறம் சாயங்காலத்துல எனக்கு என்ன இருக்குது? நாள் முழுக்கப் பம்பு. வீட்டுக்கு வந்தா இந்த மனுசன் எழுதறதும் அழிக்கறதும்தான். நான் இப்படியெல்லாம் யாருக்கும் எழுதினதில்லை. உனக்குக்கூட 'பால் வாங்கிட்டு வரட்டா'ன்னுதான் எழுதியிருக்கேன். இவர் எழுதறப்ப நானே எழுதற மாதிரி இருக்குது."

அவர் தட்டில் இருந்த இட்லிகளை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டேன். அவர் வெறும் தட்டைப் பிடித்தபடி காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சாயங்காலம் ஏழு மணி ஆனதும் வசுமதியிடமிருந்து வந்தது: "சாமானெல்லாம் ஏத்தியாச்சுங்க. அப்பா வேன்ல முன்சீட்ல உக்காந்துட்டார். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு. கிளம்பறோங்க."

மாற்றி எழுதி அனுப்பிச் சுற்றி வரவைக்க நேரமில்லை. மூன்றாம் மாடிக்கு ஓடலாம் என்று செருப்பை மாட்டினேன். அதற்குள் திரையில் எழுத்துகள் வரத் தொடங்கிவிட்டதால் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"போகாதீங்க. நீங்க போயிட்டா நான் யாருக்குப் பேட்டரி ஞாபகப்படுத்தறது? ஊருக்கெல்லாம் காது கேக்க வெச்சேன். எனக்கு வாய்தான் வரலை. போகாதீங்க வசுமதி."

வசுமதியின் பெயரை அவர் எழுதி அன்றுதான் பார்த்தோம். எழுத்து முடிந்த இடத்தில் சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. நான் செருப்போடு கூடத்துக்குள் வந்துவிட்டேன். தெய்வசிகாமணி தோசையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

கடைசி எழுத்து மறைந்தது. "வசும" என்று நின்றது.

தெய்வசிகாமணி எழுந்தார். வலது கையில் சட்னி இருந்ததால் இடது கையை நீட்டி, டிவியின் வலது மூலையில், அனுப்பும் அம்புக்குறியைத் தொட்டார்.

அது போய்விட்டது.

இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. மேலே மூன்றாம் மாடியில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி டிவியில் பட்ட விரல் தடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வசுமதி எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நிறுத்தினார். மறுபடி எழுதினார். அந்தப் பக்கமும் அழித்து எழுதுவார்கள் என்று எங்களுக்கு அதுவரை தோன்றியதில்லை.

வந்தது: "வசுமதின்னு முழுசாச் சொல்லுங்க."

சம்பந்தம் எழுதினார். "வசுமதி." யாரும் தொடவில்லை. அவரே அனுப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து: "வேன்ல இருந்து எறங்கிட்டேங்க. அப்பா ஏன்னு கேட்டார். சொன்னேன். மெஷினைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டார். வேன் போயிருச்சு. என் கட்டிலும் அதுலயே போயிருச்சு."

"எங்கிட்ட ஒரு கட்டில் இருக்குதுங்க" என்று எழுதிய சம்பந்தம், எழுதியதைப் பார்த்துப் பதறி, சரசரவென்று அழித்தார். பிறகு, "அங்கயே நில்லுங்க. வர்றேன்" என்று அனுப்பினார். மாடிப்படியில் அவர் இறங்கி ஓடும் சத்தம் எங்கள் கதவைத் தாண்டிப் போனது.

தெய்வசிகாமணிக்கு நான் இன்னும் இரண்டு தோசை ஊற்றினேன்.

கல்யாணம் மருதமலையில் நடந்தது. குடியிருப்பில் எல்லோரும் வந்திருந்தார்கள். எவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் யாரும் ஒன்றும் பேசவில்லை. வசுமதியின் அப்பா ஓசூரிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் கருவியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். மேளம் முடிந்ததும் கழற்றிவிட்டார். அன்பளிப்பாக வந்தவற்றில் பெரும்பகுதி நாட்டுச் சர்க்கரை.

வீட்டுக்கு ஒரு போன் என்பதால், வசுமதி குடிவந்த பிறகு அவருடைய போன்தான் எங்கள் டிவியில் விழுகிறது. சம்பந்தம் தெரிவதில்லை. ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளும் பெண்களை வசுமதி படம் பிடித்து, எங்கே தப்பு என்று சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறார். தெய்வசிகாமணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பிரேக்கைப் பிடி தாயி! காலை ஊனாதே! காலை ஊனாதே!" என்று கத்துகிறார். ஒரு பெண் ரவுண்டானாவை முழுசாகச் சுற்றி வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சில நாட்களாக அவர் ஏழு மணிக்குப் போனை டிவிக்குப் போட்டதும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு எதையோ எழுதுகிறார். நெடுநேரம் எழுதுகிறார். பக்கவாட்டில் தெரியும் கட்டைவிரல் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அழிக்கிறார் என்று தெரிகிறது. கடைசியில் என் போனுக்கு, "பால் வாங்கிட்டு வரட்டா" என்று வருகிறது. நடுவில் என்ன இருந்தது என்பது வேறொரு வீட்டு டிவியில் ஓடிவிடுகிறது. செயலாளரின் மனைவி நேற்று லிஃப்டில் என் கையைப் பிடித்து அழுத்தினார். கண்களைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் மாடியில் இறங்கிக்கொண்டார்.

இன்று மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நான் வைத்திருந்த தயிரும் மாவும் இல்லை. டிவி மாதிரி இதுவும் தொடங்கிவிட்டது போலிருக்கிறது. யாருடைய வீட்டுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்போ ஒரு தூக்குவாளியில் இருந்தது. சூடு பண்ணினேன். தெய்வசிகாமணி சோற்றில் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.