பேட்ஜருக்குக் கிடைத்த நாலு நிமிடம்

1

டெல்பர்ட் சூடுபட்டவன்போல விசைப்பலகையிலிருந்து கையை இழுத்துக்கொண்டான்.

"லோர்னா! தப்பா அடிச்சுட்டேன்!"

(இது நிற்கட்டும். முதலில் 'மில்வாக்கி ஹோட்டல் கூடத்தில், கணினிச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று அன்று...' என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிட்டபடி லோர்னா சொன்ன கதை இது. கண்ணும் காதும் வைத்தது நான்.)

2

பேட்ஜர், அவர்கள் இருவரும் ஐந்து வருடம் உழைத்து எழுதிய நிரல். அதற்குக் கடிகாரம் தெரியாது. 'மிச்சம் எத்தனை நிமிடம்?' என்று திரையில் கேட்கும். ஆள்தான் அடிக்க வேண்டும். மிச்சம் நாலு. டெல்பர்ட் அடித்தது, நகர்வின் எண்: நாற்பது.

இருப்பதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நகர்வுக்குச் செலவழிப்பது பேட்ஜரின் வழக்கம். நாற்பதில் பத்தில் ஒன்று... ஆமாம், அதே நாலு. நேரத்துக்குள் இந்த நாற்பதாவது நகர்வை முடித்தால் விதிப்படி இன்னொரு மணி நேரம் கிடைக்கும். ஒரு நொடி பிந்தினால் பட்டம் போச்சு.

"மூளையை வீட்லயே வெச்சுட்டு வந்தியா?"

"அப்புறம் திட்டு. நிறுத்திடவா?"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! அது பதில் சொல்றவரைக்கும் தொடக் கூடாது. நடுவர் இங்கதான் பாக்கறாரு."

எதிரணி ரஸ்ஸல் சோம்பல் முறித்தான். "காபி வாங்கியாரவா? உங்காளு யோசிக்கிற வேகத்துக்குச் செடியே நட்டு வளத்துடலாம்."

3

டெல்பர்ட் இவ்வளவு பயந்தாங்கொள்ளியா? சந்தேகம்தான். வீரமாக ஏதாவது செய்யவைக்கலாமென்று, 'அவன் பாய்ந்து...' வரை எழுதினேன். பாய்ந்து என்ன செய்வான்? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். லோர்னா மட்டும் திரையைப் பார்த்தாள்.

முடிவு அ: நேரம் முடிகிறது, ரஸ்ஸல் கை நீட்டுகிறா... (வேண்டாம். எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: திரை மின்னியது. லோர்னா யானையை நகர்த்திக் கடிகாரத்தை ஓங்கி அடித்தாள். உள்ளங்கை சிவந்தது. நேரம் மிச்சமிருந்தது, மயிரிழை.

அதன்பின் பேட்ஜர் சுலபமாக ஜெயித்தது.

"என் முட்டாள்தனத்தால போயிருக்கும்," என்று அன்று புலம்பிய டெல்பர்ட், இன்றும் புலம்புகிறான். லோர்னா சிரித்துக்கொண்டே மீனைப் பிட்டு அவன் தட்டில் போடுகிறாள். அவனிடம் உண்மையைச் சொல்லலாமா? அது உங்கள் பாடு. நான் மறைத்தது இதுதான்:

பேட்ஜர் யோசிக்கும்போதே, அதுவரை தேர்ந்த நகர்வு திரையில் தெரியும். மூன்று நிமிடம் வரை அங்கே இருந்தது யானை அல்ல, குதிரை. ராணியைப் பறிகொடுக்கும் நகர்வு. நாலாவது நிமிடத்தில்தான் பேட்ஜர் மனம் மாறியது. டெல்பர்ட் சரியாக அடித்திருந்தால், அரை நிமிடத்துக்குள் குதிரையை நகர்த்தித் தோற்றிருக்கும்.