ஊரறிய ஒரு சரிங்க

மகனுக்குப் பெண் கேட்டு வந்த ஹர்சோனோ என் மனைவியிடம் ஒரு குரலில் பேசினார், என்னிடம் வேறு குரலில், தன் டிரைவரிடம் இன்னொரு குரலில். மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி விற்றே தலை நரைத்தவன் நான். ஆளுக்கேற்ற முகம் காட்டுவதைக் குறைசொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் என்னைவிடத் தேர்ந்த ஆளைக் கண்டால் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறது.

அவர் மகன் பங்குன் வேறு ரகம். எங்கள் சோலோ நகரில் வீட்டுக்காரர் "எடுத்துக்குங்க" என்னும்வரை விருந்தாளி டீயைத் தொடமாட்டார். இவன் வைத்ததும் குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கல் மாமா" என்றான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சந்தையில் என் கடையை நடத்துபவள் மகள் ரத்ரி. கல்யாணத்துக்குப் பிறகும் அவளே நடத்த வேண்டும். அதைச் சொன்னேன்.

"அதுக்கென்ன சம்பந்தி! சரிங்க, சரிங்க, தாராளமா" என்று குனிந்தார் ஹர்சோனோ.

அங்கேதான் எனக்குச் சந்தேகம். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே மறுப்பது அநாகரிகம். மாட்டேன் என்பதையும் சரிங்க என்றுதான் சொல்வோம். துணியைத் தடவித் தடவி "அருமை" என்பவர் எவரும் என்னிடம் வாங்கியதில்லை.

வாயில் பலகாரத்தோடு பங்குன் கேட்டான்: "என்னப்பா, வர்ற வழியில 'முதல் மாசமே கடைய மூட வெச்சிடலாம்'னீங்க?"

"பையன் தமாஷ் பேசுவான்" என்று சிரித்தார் ஹர்சோனோ. அவர் காது மட்டும் சிவந்தது.

"வெள்ளை மனசுங்க பையனுக்கு" என்று கிசுகிசுத்தாள் என் மனைவி. எனக்கு அவன்மேலும் சந்தேகம். "எனக்கு நைஸா பேசத் தெரியாதுண்ணே" என்று சொல்லியே சாயம் போகிற துணியை என் தலையில் கட்டியவர்கள் கொஞ்சமா?

அப்போது ரத்ரி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே காதை நீட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களை உள்ளே அழைத்தாள்.

"வாங்கக்கா! கல்யாணத்துக்கப்புறமும் நானே கடைய நடத்தலாம்னு மாமா சொல்றாரு. மாமா, இவங்களும் கேக்கட்டுமே."

அறை நிறைய முகங்கள். ஹர்சோனோ ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் கணீரென்று, "கடை அவளோடது. மூடச் சொல்ல நாங்க யாரு?" என்றார்.

"எங்க மாமனார இவருகிட்ட டியூஷனுக்கு அனுப்பணும்டி!" என்றாள் ஒருத்தி.

இனி அவரால் பின்வாங்க முடியாது; தெருவே கேட்டுவிட்டது. நானும் சம்மதம் சொன்னேன்.

அவர்கள் கிளம்பும்வரை ரத்ரியும் பங்குனும் ஒருவரையொருவர் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தவர்களாம். அவ்வளவு கச்சிதமாகப் பார்க்காமலிருக்க எத்தனை நாள் ஒத்திகை பார்த்தார்களோ!