வராந்தாவில் வைத்த போன்

வீட்டுக்காரர் தானாகவே எழுந்து வந்து கட்டில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபோதே டமாரத்துக்கு எங்கோ இடித்தது. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அந்த மெத்தையை அவர் தூக்கி அவள் பார்த்ததில்லை. விரிப்பு மாற்றும்போதுகூட ஒரு மூலையை விரலால் தொட்டுக்கொண்டு, பிடித்துவிட்டேன் என்று சொல்வதோடு அவர் பங்கு முடிந்துவிடும்.

டமாரம் என்பது அக்கா வைத்த பெயர். கையில் கிடைத்ததையெல்லாம் தட்டுகிற பிள்ளையாக இருந்ததால் வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. வாரநாட்களில் அவள் பள்ளி வேன் ஓட்டினாள். மற்ற நேரத்தில் படுக்கையறை மூலையில் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்தான் அவள் உலகம். வீட்டுக்காரர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வேலையை வேலையோடு விட்டால் பரவாயில்லை. மருந்து டப்பா, கரண்ட் பில், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா எட்டிப் பார்க்கும். அவள் காதலித்த காலத்தில் எழுதிய ஒரு கடிதத்தைக்கூடத் திருத்தித் திருப்பிக் கொடுத்த மகானுபாவர்.

ஊர் ஊராகப் போய் வாசிக்கிற ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரப் பயணத்துக்கு ஆள் வேண்டும். குழுவின் தலைவி ஒரு பாட்டுக்காரம்மா. டிரம்ஸ் இல்லாத ஒரு பாட்டை அனுப்பி, அதற்கு வாசித்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், வெட்டுவது ஒட்டுவது எதுவும் கூடாது, உங்கள் கை எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும் என்பது அவர் நிபந்தனை. டமாரம் இதற்கு முன் இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறாள். இரண்டும் வேண்டாம் என்றுவிட்டன. இரண்டாவது தடவை அவள் ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள், இதுவும் போனால் டிரம்ஸை விற்றுவிடுவேன் என்று. சும்மா சொல்லவில்லை.

அதற்கு அவர் சொன்னது ஒரு 'ம்'. ஆறு வாரம் வெளியூர் என்றபோதும் அதே 'ம்'. அந்த 'ம்' ஒரு வாரமாக அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

ஸ்டுடியோ என்ற வார்த்தையை உச்சரிக்கவே தனியாகக் காசு கேட்பார்கள் போலிருந்ததால் வீட்டிலேயே பதிவு செய்வதென்று முடிவானது. மைக் செட்காரர் ஒருவர் ஞாயிறு நான்கு மணி வரைக்கும் இரண்டு மைக் இரவல் கொடுத்தார். ஒன்றைத் துடைப்பக் கட்டையில் கட்டி, அலமாரி உச்சிக்கும் திரைச்சீலைக் கம்பிக்கும் குறுக்கே போட்டு அவள் தலைக்கு மேலே தொங்கவிட்டார்கள். இன்னொன்று சமையலறை முக்காலியில் டேப் சுற்றிக்கொண்டு பெரிய டிரம்முக்கு எதிரே உட்கார்ந்தது. அந்த டிரம்மின் வயிற்றுக்குள் ஒரு தலையணை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா வெட்டுத் துணி மூட்டைகளைக் கொடுத்திருந்தார், மூன்று மணிக்கு மேல் ஒரு தட்டுகூடக் கேட்கக் கூடாது என்ற பேச்சோடு. மூட்டைகளை ஜன்னலில் அடைத்தார்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள், உள்ளே தொங்கும் துணிகள் கொஞ்சம் சத்தத்தைக் குடிக்கட்டும் என்று.

தள்ளியிருந்து கேட்கிற சத்தமும் கொஞ்சம் கலந்தால்தான் அறை பெரிதாகத் தெரியும் என்று மைக் செட்காரர் சொல்லியிருந்தார். மூன்றாவது மைக்குக்கு எங்கே போவது? முகம் விரிசல் விட்ட தன் பழைய போனை டமாரம் பதிவில் போட்டு வராந்தாவில் செருப்பு அலமாரி மேல் வைத்தாள். வீட்டுக்காரர் சிரித்தார். அந்தப் போன் வேண்டவே வேண்டாம் என்றும் இரண்டு தடவை சொன்னார். அதுவும் இடித்தது.

அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டை ஹெட்போனில் கேட்டபடி வாசிப்பாள், ஹாலில் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வார், மைக் கம்பி கதவுக்கடியில் போகும். இதுதான் ஏற்பாடு. முதல் இரண்டு டேக் சொதப்பல். மூன்றாவதில் கை தானாக ஓடியது. அடிகள் தடதடவென்று உருளும் மூன்றாவது ரோல் வருகிற இடத்தில் அவள் ஒரு மயிரிழை தாமதித்துத்தான் இறங்குவாள், வேகத்தடைக்கு முன்னால் காலை எடுத்து, பின் சீட்டுப் பிள்ளைகள் தூக்கிப்போடாமல் வேனை இறக்குவது போல. அந்த இழுப்பு அன்றைக்கு அவ்வளவு அழகாக விழுந்தது. வெளியே வந்து நன்றாக வந்ததா என்று கேட்டாள். வந்திருக்கிறது என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதன் பிறகுதான் அவளுக்கு மூக்கில் வியர்க்க ஆரம்பித்தது. குளித்துவிட்டு வா என்றார். குளித்து வந்தால் கம்ப்யூட்டர் பட்டென்று மூடியது. மூட்டைகளைக் கீழே கொடுத்துவிட்டு வா, அவசரமில்லை, நிதானமாகப் பேசிவிட்டு வா என்றார். தையல்காரம்மாவிடம் நிதானமாகப் பேசச் சொல்லி அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவள் வேண்டுமென்றே பாதிப் படியில் திரும்பினாள். உள்ளே அவர் யாரிடமோ போனில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம். எந்தப் பட்டனை அழுத்தணும்னு மட்டும் சொல்லு."

டமாரம் வாசலிலேயே நின்றுவிட்டாள். மெத்தை தூக்கியது, போன் வேண்டாம் என்றது, அந்த 'ம்' எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. மனுஷர் தன்னைப் போகவிடாமல் செய்யப் பார்க்கிறார். ஆறு வாரம் தானே பொங்கித் தின்ன வேண்டுமே. பதிவைக் கெடுத்து வைத்துவிட்டால் பாட்டுக்காரம்மாவே வேண்டாம் என்றுவிடுவார், பழியும் வராது. எவ்வளவு சாதுவான மூஞ்சி, எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு மைக் செட்காரரின் ஆள் வந்து மைக்குகளை வாங்கிப் போனார். நாலரைக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பதிவு கெட்டிருக்கவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. சுத்தமாக, கணீரென்று இருந்தது. கேட்கக் கேட்க ஏனோ இன்னொருத்தி வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

பழைய போனில் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் சேர்த்தாள். தொடக்கத்தில் குச்சியைக் குச்சியால் தட்டி எண்ணும் நான்கு தட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினாள். கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றாகப் போயின. முதல் ரோலில் ஒவ்வொரு அடியும் இரண்டிரண்டாகக் கேட்டது. பிறகு சேர்ந்துகொண்டது. மூன்றாவது ரோலில் மறுபடி இரண்டு பேர் வாசிப்பது போல் தடதடத்தது.

போன் பழசு, ஓட ஓட நேரம் தப்புகிறது என்று பின்னாலிருந்து அவர் அவசரமாகச் சொன்னார். டமாரம் பதினான்கு வருஷம் வேன் ஓட்டியவள். நேரம் தப்புகிற வண்டி தப்பிக்கொண்டேதான் போகும், ரோலுக்கு ரோல் தப்பி நடுவில் தானாகத் திருந்தி வராது. போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுத் தனியாகக் கேட்டாள். மங்கலான சத்தம்தான். ஆனால் மூன்றாவது ரோலில் அந்த இழுப்பு இருந்தது. கம்ப்யூட்டரில் அது இல்லை. அங்கே அடிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தன.

வெளியே வந்து அவர் எதிரே நின்றாள்.

"என்னத்தைத் திருத்தினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"ரெண்டு மூணு இடம் பின்தங்கி இருந்துச்சு. முன்னால தள்ளி வெச்சேன்."

"ரெண்டு மூணா?"

"நாப்பத்தியொண்ணு."

பழையதைக் கொடுங்கள் என்றாள். அது இல்லை. அச்சகத்தில் ஒரு தாளைத் திருத்தி முடித்தவுடன் பழைய தாளைக் கிழித்துவிடுவது அவர் பழக்கம், தவறிப்போய் அது அச்சுக்கு ஏறிவிடக் கூடாதல்லவா. அதே பழக்கத்தில் ஒவ்வொரு இடத்தையும் திருத்தத் திருத்தப் பழையதை அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். எப்படி நேராக்குவது என்று சொல்லிக்கொடுத்தது அச்சகத்துக் கம்ப்யூட்டர்காரர். மைக் போய்விட்டது, மூட்டைகள் கீழே போய்விட்டன, மூன்று மணியும் எப்போதோ தாண்டிவிட்டது. மணி ஐந்தேகால்.

டமாரத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்த முடியவில்லை. போகவிடாமல் செய்கிறார் என்று நினைத்தபோது வந்தது வெறும் கோபம். அவள் கையையே நம்பாத இது அதைவிட ஆழமாகக் குத்தியது.

"என்னைப் போகவிடாமப் பண்றீங்கன்னு நெனச்சேன். அப்படி இருந்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

"இதுவும் போச்சுன்னா வித்துடுவேன்னு சொன்னே," என்றார் அவர். "அந்த ஒரு மாசம் மாதிரி இன்னொண்ணு என்னால முடியாது. வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு ஒரு காரணம்கூட இருக்கக் கூடாதுன்னு பார்த்தேன்."

"சரி. நான் வாசிச்சது நல்லா இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தடவினார்.

"எனக்குத் தெரியலை. தப்பு எங்கேன்னு பார்க்கத்தான் எனக்குத் தெரியும். நல்லா இருக்கிறதைக் கண்டுபிடிச்சுப் பழக்கமே இல்லை."

டமாரம் கம்ப்யூட்டரை மூடினாள். போனில் இருந்த மங்கலான பதிவை, முன்னும் பின்னும் எதையும் வெட்டாமல், அப்படியே பாட்டுக்காரம்மாவுக்கு அனுப்பினாள். செருப்பு அலமாரி மேல் வைத்து எடுத்தது, ஒரே மூச்சில் வாசித்தது, இதுதான் என் கை என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிரம்ஸை யாருக்கு விற்கலாம் என்று மனம் அதன்பாட்டுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டது. அவர் எதிரே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை.

ஆறேமுக்காலுக்குப் பதில் வந்தது. 'சத்தம் சுமார்தான். ஆனா மூணாவது ரோல்ல ஒரு இழுப்பு இருக்கே, அது வேணும். வியாழக்கிழமை ஒத்திகைக்கு வந்துடுங்க. ஆமா, கடைசியில இருமினது யாரு?'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். உடனேயே பழைய சந்தேகம் தலைதூக்கியது. கடைசித் தாளம் அடங்கியதும் அந்த இருமல் வெகு பக்கத்தில் கேட்கிறது. ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் இருமினால் செருப்பு அலமாரியில் அவ்வளவு தெளிவாக எப்படி விழும்?

"வராந்தாவுல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"கம்ப்யூட்டர் தானா ஓடுது, அதைப் பார்க்க என்ன இருக்கு." அவர் தரையைப் பார்த்தார். "அங்க நின்னு கேட்டேன். அதான் அந்தப் போன் வேண்டாம்னேன்."

"அந்த டேக்கை மட்டுமா?"

"எல்லா டேக்கையும்தான். நீ தினம் வாசிக்கிறப்பவும் அங்கதான் நிப்பேன்."

 டமாரம் போனை அவர் கையில் கொடுத்து, இருமினவரே பதில் எழுதட்டும் என்றாள். அவர் ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார், நிறுத்தினார், அழித்தார், மறுபடி தட்டினார். இன்றைக்கு ஒருநாள் அவரை வேவு பார்த்ததே போதாதா, இதிலாவது நம்புவோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடியவில்லை. அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கத்தான் செய்தாள்.

'இருமல் மட்டும் என்னோடது. மத்ததெல்லாம் அவளோடது' என்று எழுதியிருந்தார்.